வெறுங்கையோடு போகாதவர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓவிய ஆசிரியையாக இருந்த அந்த டீச்சரின் கை வெறுமனே இருந்து நான் பார்த்ததில்லை. காலையில் சேரன்மகாதேவிப் பேருந்திலிருந்து இறங்கும்போதே கையில் ஒரு மஞ்சள் பை தொங்கும். உள்ளே முருங்கைக்காய் இருக்கும், இல்லாவிட்டால் ஒரு பிடி கறிவேப்பிலை, தை மாதமானால் அவித்த பனங்கிழங்கு. ஆசிரியர் அறைக்குள் வந்ததும் எந்த மேசை முதலில் கண்ணில் படுகிறதோ அதில் அதை வைத்துவிட்டுத்தான் உட்காருவார். தினமும் வருகிற இடத்துக்கு எதற்கு டீச்சர் சீர்வரிசை என்று ஒருநாள் கேட்டேன்.

“தெனம் வந்தா மட்டும் நம்ம வீடாயிருமா சார்?” என்று திருப்பிக் கேட்டார்.

நான் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசிலும் வாயில் அதட்டலுமாகப் பிழைப்பு நடத்துகிறவன். ஒரு காரியம் என்றால் வரிசையாகப் போனோம், பார்த்தோம், வரிசையாக வந்தோம் என்று முடிய வேண்டும் எனக்கு. அவருக்கு எதுவும் அப்படி முடியாது. மேலப்பாளையத்தை ஒட்டிய பள்ளிக்கூடம் எங்களுடையது. தெருவில் இறங்கினால் ஒரு வீட்டு வாசலில் விசாரிப்பு, அடுத்த வீட்டில் ஒரு வாய் காப்பி. அங்கே கொடுக்க ஒன்று, இங்கே வாங்க ஒன்று. கூட நடந்தால் பத்து நிமிட வழிக்கு ஒரு பொழுது ஆகும்.

காய்ச்சலுக்கு ஊசி போடப் போனால் டாக்டருக்கு இரண்டு கொய்யாப்பழம் கொண்டுபோவார். வங்கியில் காசாளராக இருந்த பெண்ணுக்கு ஒரு முழம் பிச்சிப்பூ. இதெல்லாம் போகட்டும். ஒருமுறை, பிள்ளைகளை வகுப்பில் உட்கார வைக்காமல் வாய்க்கால் கரைக்குக் கூட்டிப்போய் வரையச் சொல்கிறார் என்று யாரோ மொட்டைக் கடுதாசி போட்டுவிட்டார்கள். விளக்கம் கேட்க மேலதிகாரி கூப்பிட்டார். மனிதர் வடக்கேயிருந்து புதிதாக வந்தவர். நம் டீச்சர் உள்ளே போனார், வணக்கம் சொன்னார், பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து அவர் மேசையில் வைத்தார். அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாராம். பெரியவர்களைப் பார்க்க வருகிறபோது கொண்டுவருகிற வழக்கம் சார், வெயிலாக இருக்கிறது, சாறு பிழிந்து குடியுங்கள் என்று இவர் சொல்லியிருக்கிறார். அவர் கடைசிவரை அந்தப் பழத்தைத் தொடவில்லை. விளக்கமும் கேட்கவில்லை. உங்கள் எலுமிச்சம்பழம் நல்ல வேலை செய்துவிட்டது டீச்சர் என்று நாங்கள் பல மாதம் கிண்டலடித்தோம். அவருக்கு அந்தக் கிண்டல் புரியவே இல்லை. பழம் நல்ல பழம்தான் என்றார்.

இப்படிப்பட்டவரிடம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போகும் வேலை வந்தது. பல சமய, பல இனப் பண்பாடுகளைப் பிள்ளைகள் கலைப்பொருள்கள் வழியாக அறிய வேண்டும் என்று மேலிருந்து சொல்லியிருந்தார்கள். தலைமை ஆசிரியர், வேற்றுமையில் ஒற்றுமை என்று ஒரு தலைப்பைக் கொடுத்து, திரும்பி வந்ததும் ஒரு சொற்பொழிவு, நாலு படம், வேலை முடிந்தது என்றார். பாதுகாப்புக்கு நான். எனக்கும் அது பிடித்திருந்தது. கூடத்துக்கு ஐந்து நிமிடம் வைத்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடலாம்.

முதல் நாள் மாலை அவர் வகுப்பில் நின்று பிள்ளைகளிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

“நாளைக்கி நாம ஒரு வீட்டுக்குப் போறோம் மக்கா. அவுக சாமானெல்லாம் நமக்குக் காட்டுவாவ. வெறுங்கைய வீசிட்டுப் போனா நல்லாவா இருக்கும்? ஒங்க வீட்டுல இருந்து ஆளுக்கு ஒண்ணு கொண்டாங்க. குடுத்துட்டு வர வேண்டாம், காட்டுனா போதும்.”

எனக்குத் தலை சுற்றியது. மறுநாள் நகரில் இருந்த அந்தச் சிறிய அருங்காட்சியகத்தின் வாசலில் எங்கள் பிள்ளைகள் சந்தைக்கு வந்தவர்கள் மாதிரி மூட்டையும் முடிச்சுமாக நின்றார்கள். காவலாளி அண்ணாச்சி வழியை மறித்தார். உள்ளேயிருந்து வெளியே பொருள் போகாமல் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம். வெளியேயிருந்து உள்ளே வருகிற பொருளை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டீச்சர் பையிலிருந்து நாலு நாட்டு வாழைப்பழத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார். பொருள்களை எல்லாம் தாழ்வாரத்தில் ஒரு விரிப்பில் வைப்பது, பிள்ளைகள் மட்டும் உள்ளே போவது என்று ஓர் உடன்பாடு ஆனது.

அதற்குள் வேறொரு கூத்து. முன்னால் போன ஒரு பையன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டான். கண்ணாடி வழியாக உள்ளே கல்லில் ஒரு பெருமாள் நிற்பது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனைப் பார்த்து அடுத்தவன், அவனைப் பார்த்து அடுத்தவள் என்று எல்லாரும் கழற்றிவிட்டார்கள். வேண்டாம், போட்டுக்கொண்டே வரலாம் என்று காவலாளி சொன்னார். டீச்சரோ, வீட்டுக்குள்ள போறப்ப கழட்டுறதுதான அண்ணாச்சி, பழக்கத்த எதுக்குக் கெடுக்கணும் என்று தானும் கழற்றினார். செருப்புக்கு ஆள் வேண்டுமே. விசிலோடு நான் படியில் உட்கார்ந்தேன். இருபத்தைந்து வருட சர்வீஸில் செருப்புக் காவலுக்கு இருந்தது அன்றைக்குத்தான்.

அவர் பாடம் நடத்திய விதம் இப்படி. எந்தப் பொருளைப் பற்றியும் அவர் முதலில் வாய் திறக்க மாட்டார். பிள்ளைகள் உள்ளே போய் ஒன்றைப் பார்க்க வேண்டும். வெளியே வந்து விரிப்பில் இருக்கிற தங்கள் வீட்டுப் பொருளைப் பார்க்க வேண்டும். அது இதற்குச் சொந்தமா, பழக்கமா, உறவே இல்லாத அசலா என்று சொல்ல வேண்டும். பெண் பார்க்கிறபோது பேசுகிற பேச்சு. பிறகு ஒரே தாளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைய வேண்டும். பிள்ளைகள் உள்ளும் புறமுமாக ஓடினார்கள். கூடத்துக்கு ஐந்து நிமிடம் என்ற என் கணக்கு முதல் கூடத்திலேயே செத்துப்போனது.

கஞ்சிப்பானை மூடி கொண்டுவந்த பையன் முதுமக்கள் தாழியின் முன்னால் வெகுநேரம் நின்றுவிட்டு, சொந்தம் டீச்சர், ஆனா தூரத்துச் சொந்தம் என்றான். செத்தவர்களைப் புதைத்த பானை என்று பக்கத்தில் இருந்தவள் பயமுறுத்தியும் அவன் மாறவில்லை. பானை பானைதானே என்றான். நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து மாமா வீட்டில் தங்கிப் படித்த ஒருத்தி நெற்றிக்கு இடும் திருமண் வைத்த நாமப்பெட்டியைக் கொண்டுவந்திருந்தாள். ஒரு சமண முனிவரின் சிலையைப் பார்த்துவிட்டு, இவருக்கு நாமமும் இல்லை, துணியும் இல்லை, அசல்தான் என்று தீர்ப்புச் சொன்னாள். அசலென்றால் விட்டுவிடுவதா, அசலில்தானே பெண் எடுத்துப் பெண் கொடுக்கிறோம், போய் இன்னொரு தரம் பார் என்று டீச்சர் அவளைத் திருப்பி அனுப்பினார்.

மூன்று பிள்ளைகள் சொல்லிவைத்த மாதிரி மணிமாலை கொண்டுவந்திருந்தார்கள். ஒன்று ஜெபமாலை, ஒன்று உருத்திராட்சம், ஒன்று தஸ்பீஹ். மூன்றையும் பக்கத்தில் வைத்ததும் எனக்கே பேசத் தோன்றிவிட்டது. படியில் உட்கார்ந்தபடி, பார்த்தீர்களா பிள்ளைகளா, எல்லாம் ஒன்றுதான், இதுதான் வேற்றுமையில் ஒற்றுமை என்று சத்தமாகச் சொன்னேன். தலைமை ஆசிரியர் கொடுத்த வேலையை நானே முடித்துவிட்ட சந்தோஷம். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பிள்ளைகளிடம் திரும்பினார்.

“எல்லாம் ஒண்ணுன்னா பாக்கதுக்கு என்ன இருக்கு? அவசரப்படாதீங்க. இவன் எப்படிப் பிடிக்கான், அவ எப்படி உருட்டுதா, எதுல என்ன தொங்குது, மொதல்ல அதப் பாருங்க. வேற வேறன்னு நல்லாத் தெரிஞ்ச பொறவு சொந்தம் கொண்டாடலாம்.”

அந்த மூன்று பேரும் ஒருவர் மாலையை ஒருவர் எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக்கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். என் சொற்பொழிவை விட அது நன்றாகவே இருந்தது. ஒப்புக்கொள்ள எனக்கு வலிக்கவில்லை.

இனி செம்பு விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றி நினைத்தால் எனக்கு அதுதான் முதலில் வரும்.

எட்டாம் வகுப்பில் ஆமினா என்று ஒரு பெண். படம் நன்றாக வரைவாள். அவளை அனுப்ப அவள் உம்மாவுக்கு மனசில்லை என்று தெரிந்ததும், பயணத்துக்கு முதல் நாள் மாலை, வகுப்பு விட்ட கையோடு டீச்சர் அவர்கள் வீட்டுக்குப் போனார். தெரு தெரியும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பையில் கறிவேப்பிலையும் நார்த்தங்காயும். ஆமினாவின் வாப்பா வளைகுடாவில் வேலை பார்க்கிறவர். உம்மா மடியில் இலையும் தூளுமாகச் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வீட்டில் சுண்ணாம்பு வாசம்.

“செலையா வச்சிருப்பாவளாம் டீச்சர். அங்கன போயி புள்ள என்ன செய்யும்?” என்றார் உம்மா. கை மட்டும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

“பாக்கும். கும்பிடுன்னு நான் சொல்ல மாட்டேன். கும்பிடுத புள்ளையளும் கூட வரும், அவுக கும்பிட்டா இவ சும்மா நிக்கணும். அம்புட்டுத்தான்.”

உம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு கேட்டார்: “எங்கூட்டு சாமான் மாதிரி அங்கன எதும் இருக்கா?”

வேறு யாராவது என்றால், இருக்கும் இருக்கும் என்று சொல்லிச் சமாளித்திருப்பார்கள். நானே வாயைத் திறந்தேன். டீச்சர் உண்மையைச் சொல்லிவிட்டார்.

“நான் பாத்த வரைக்கும் இல்லம்மா. அதுக்குத்தான் நீங்க ஒண்ணு குடுத்து விடுங்கன்னு கேக்கேன்.”

உம்மா சுளகை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். துணியில் சுற்றிய ஒரு பன்னீர்ச் செம்போடு வந்தார். பித்தளை. நீண்ட கழுத்து, பூப்போல விரிந்த தலை, அதில் பொடித்துளைகள். வயிற்றில் நெல்லிக்காய் அளவுக்கு ஓர் ஒடுக்கு. அவர் கல்யாணத்தில் அவர் வீட்டிலிருந்து கொடுத்துவிட்டது. மாப்பிள்ளையாக வந்திருந்த ஆமினாவின் வாப்பா, விருந்தாளிகள் முன்னால் கை தவறிக் கீழே போட்டுவிட்டாராம். அந்த ஒடுக்கு அதுதான். அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணமானாலும் வாசலில் அந்தச் செம்புதான் நிற்கும். மகள் கல்யாணத்துக்கும் அதுதான். அவுக அதுக்குன்னே லீவு போட்டு வாறாவ, பத்திரம் டீச்சர் என்று சொல்லிக் கொடுத்தார் உம்மா.

அந்தச் செம்புதான் அருங்காட்சியகத்தில் தங்கிவிட்டது.

ஐப்பசி மாதம். பிள்ளைகள் வரைந்துகொண்டிருந்தபோதே மழை தாழ்வாரத்துக்குள் சாய்ந்து அடித்தது. நான் விசில் அடித்தேன். பிள்ளைகள் விரிப்பில் இருந்ததைத் துணியில் சுற்றி, கைக்கு வந்ததை அள்ளிக்கொண்டு பேருந்துக்கு ஓடினார்கள். ஆமினா வீட்டுக்குப் போய் முடிச்சை அவிழ்த்தால் உள்ளே யாருடையதோ வெற்றிலை இடிக்கும் சின்ன உரல் இருந்தது. கனம் ஒன்றுபோல இருந்ததில் அவளுக்குத் தெரியவில்லை. உரலுக்குச் சொந்தக்காரன் வெறுங்கையோடு வீட்டுக்குப் போயிருந்தான். அவனிடமும் செம்பு இல்லை.

அடுத்த ஞாயிறு கல்யாணம். வியாழக்கிழமை வாப்பா வந்து இறங்குகிறார். ஆமினா திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வீங்கிய கண்ணோடு வந்தாள். இனி எங்கயும் அனுப்ப மாட்டேன்னு உம்மா சொல்லிட்டாவ டீச்சர் என்று மட்டும் சொன்னாள். அந்தத் தெருவில் ஒரு வீட்டுச் சாமான் தொலைந்தால் இனி எந்த வீட்டிலிருந்தும் பிள்ளையும் வராது, பொருளும் வராது என்பது எனக்குத் தெரியும். டீச்சருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்று அவர் ஆசிரியர் அறைக்குக் கொண்டுவந்த கீரைக்கட்டு மாலைவரை அவர் மடியிலேயே இருந்தது.

தொலைபேசியில் விசாரித்ததில் செம்பு தொலையவில்லை என்று தெரிந்தது. நிம்மதி ஒரு நிமிடம்தான். நடந்தது இது. மழை விட்டதும் காவலாளி அண்ணாச்சி தாழ்வாரத்தில் செம்பு கிடப்பதைப் பார்த்திருக்கிறார். நல்ல மனுஷன். பிள்ளைகளின் பொருள், காணாமல் போய்விடக் கூடாது என்று, பூட்டு இருக்கிற இடமாகப் பார்த்து, பித்தளை விளக்குகள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுநாள் ஞாயிறு, அவருக்கு விடுமுறை. திங்கட்கிழமை காலை அவர் வருவதற்குள் சென்னையிலிருந்து பெரியவர்கள் பார்வையிட வந்துவிட்டார்கள். ஒரு பொருளுக்கு மட்டும் குறிப்பு இல்லாமல் இருப்பதைக் கண்ட அங்கிருந்த அலுவலர், அவசரமாக ஓர் அட்டையில் ‘பன்னீர்ச் செம்பு, பித்தளை, திருநெல்வேலி வட்டாரம்’ என்று எழுதி வைத்துவிட்டார். வந்தவர்கள் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார்கள். சில பேர் அந்தச் செம்பை மெச்சினார்களாம்.

அந்த அலுவலர் இளவயதுக்காரர். குரல் அழுகிற மாதிரி இருந்தது. ஒரு பொருள் எப்படி வந்தது என்று கேட்க ஆளில்லை, ஒன்று குறைந்தால் ஆயிரம் பேர் கேட்பார்கள், என் வேலை போய்விடும் டீச்சர் என்றார். நான் போனைப் பிடுங்கி, அது எங்கள் பிள்ளை வீட்டுச் செம்பு என்று அதட்டினேன். டீச்சர் என்னிடமிருந்து போனை வாங்கி, பைய பேசுங்க சார், அவரு எங்க போவாரு என்றார். புதன்கிழமை வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

புதன்கிழமை டீச்சரின் மஞ்சள் பை கனத்திருந்தது. மேலப்பாளையம் போய் உம்மாவையும் ஆமினாவையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டோம். அருங்காட்சியக வாசலில் உம்மா செருப்பைக் கழற்றினார். ஆமினா சொல்லியிருப்பாள்.

அலுவலர் எங்களை அந்தப் பெட்டியின் முன் நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்தார். டீச்சர் பையைத் திறந்தார். உள்ளே இன்னொரு பன்னீர்ச் செம்பு இருந்தது. சேரன்மகாதேவியில் அவருடைய அம்மா வீட்டுச் செம்பு. அவர் கல்யாணத்தில், அவர் தங்கைகள் கல்யாணத்தில் எல்லாம் வாசலில் நின்றது. புளி போட்டு விளக்கிக் கொண்டுவந்திருந்தார். இதுவும் பன்னீர்ச் செம்பு, இதுவும் பித்தளை, இதுவும் திருநெல்வேலி வட்டாரம்தான் சார், இதை உள்ளே வைத்துவிட்டு அதை எடுத்துக்கொடுங்கள், உங்கள் அட்டையில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம் என்றார். வாசலில் வாழைப்பழம் கொடுத்தபோது இருந்த அதே முகம். அவர் குரலில் மட்டும் ஒரு சின்னப் பிசிறு இருந்தது. அது அவருக்கும் அம்மா வீட்டுச் செம்பு அல்லவா.

அலுவலருக்கு உயிர் வந்துவிட்டது. சாவியை எடுத்தார். அப்போது உம்மா, இருங்க என்றார்.

அவர் எங்கள் பேச்சைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை. கண்ணாடிக்கு வெகு பக்கத்தில் நின்றிருந்தார். உள்ளே மேலேயிருந்து விளக்கு வெளிச்சம் செம்பின் மேல் விழுந்தது. ஒரு பக்கம் கோயில் தூண்டாமணி விளக்கு, மறுபக்கம் ஏதோ ஜமீனின் தாம்பாளம். நடுவில் இவர் செம்பு. ஒடுக்கு இருந்த பக்கம் முன்னால் தெரிய நின்றது. சுற்றிலும் பார்த்தார். எதிர்ச்சுவர் ஓரம் பெருமாள், மூலையில் தாழி, அந்தக் கோடியில் சமண முனிவர். எல்லாரையும் பார்த்துவிட்டுத் திரும்பச் செம்புக்கே வந்தார்.

“டீச்சர், அன்னைக்கி எங்கூட்டு சாமான் எதும் இல்லன்னு சொன்னீய.”

“ஆமாம்மா.”

“இப்ப இருக்குல்லா. இது இங்கனயே இருக்கட்டும். கல்யாணத்துக்கு ஒங்க செம்பத் தாங்க.”

ஆமினாதான் முதலில், வாப்பா கேட்டா என்று இழுத்தாள். நான் சொல்லிக்கிடுவேன் என்றார் உம்மா. டீச்சர் தன் செம்பை இரண்டு கையாலும் எடுத்து உம்மாவிடம் நீட்டினார். உம்மாவும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அலுவலர், அன்பளிப்பு என்று உங்கள் பெயரை அட்டையில் எழுதட்டுமா அம்மா என்று கேட்டார். பேரெல்லாம் வேண்டாம், வட்டாரம்னு பொதுவா போட்டிருக்கீய, மேலப்பாளையம்னு போடுங்க என்றார் உம்மா. எழுதினார். அவர் எழுதி முடிக்கும் வரை உம்மா பக்கத்திலேயே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்குப் போயிருந்தோம். வாசலில் ஆமினா டீச்சரின் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் வழுக்கைத் தலையில் வேண்டுமென்றே கூடுதலாகத் தெளித்தாள் என்பது என் சந்தேகம். அவள் வாப்பா நல்ல உயரம், கூச்ச சுபாவம். செம்பைப் பற்றிக் கேட்டதும் முதலில் முகம் சுருங்கிவிட்டதாம். மறு வாரம் குடும்பத்தோடு போய்ப் பார்த்திருக்கிறார். நான் கீழ போட்ட ஒடுக்குக்குக் கண்ணாடிப் பெட்டியும் லைட்டுமா என்று அங்கேயே சத்தமாகச் சிரித்துவிட்டாராம். அந்த ஒடுக்கை மட்டும் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப்போய், வளைகுடாவில் அறையில் கூட இருக்கிறவர்களுக்கெல்லாம் காட்டினார் என்று ஆமினா சொன்னாள்.

கல்யாணம் முடிந்ததும் உம்மா டீச்சருக்குச் செம்பைத் திருப்பிக் கொண்டுவந்தார். வாங்கின பாத்திரத்தை வெறுமனே தரக் கூடாதே. கழுத்துவரை பன்னீர் நிறைத்துக் கொண்டுவந்தார். டீச்சர் அதை வாங்கி, ஆசிரியர் அறையில் இருந்த எங்கள் அத்தனை பேர் மேலும், சொற்பொழிவு என்ன ஆயிற்று என்று கேட்க வந்த தலைமை ஆசிரியர் மேலும் தெளித்துத் தீர்த்தார். பிறகு காலிச் செம்பை உம்மா கையிலேயே கொடுத்துவிட்டார்.

“ஒங்க வாசலுக்கு ஒண்ணு வேணும்லா. இது அங்கனயே இருக்கட்டும்.”

அதற்குப் பிறகு அந்தத் தெருவில் எந்தக் கல்யாணமானாலும் சேரன்மகாதேவிச் செம்புதான். அடுத்த வருடம் அருங்காட்சியகத்துக்குப் போனபோது பிள்ளைகள் கொண்டுவந்த சாமான்களுக்கு இரண்டு விரிப்பு வேண்டியிருந்தது. நான் கேட்காமலே படியில் செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டேன். பெரிய கூட்டமாக யாராவது அந்தப் பித்தளைப் பெட்டியைப் பார்க்காமல் கடந்தால் மட்டும் எடுத்து ஊதலாமா என்று தோன்றும்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தின மாதம் என்று நினைக்கிறேன். மாலையில் பள்ளிக்கூடம் விட்டு இருவரும் நடந்து வந்தோம். பேருந்து நிறுத்தத்துக்கு நேரே போகாமல் ஆமினா வீட்டுத் தெருவுக்குத் திரும்பினார். ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவோம் சார் என்றார். எனக்கு ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. நாலு எட்டு நடந்த பிறகுதான் என்னவென்று புரிந்தது. அவர் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.

“பை எங்க டீச்சர்?” என்று கேட்டேன்.

“நம்ம வீட்டுக்குப் போறதுக்கு எதுக்கு சார் பை?” என்று சொல்லிக்கொண்டே அவர் வாசல்படியில் செருப்பைக் கழற்றினார்.